இயற்கையைக் காப்பது யாருடைய கவலை?



ஆசிரியத் தொழிலில் நெடுநாள் இருந்தவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. மாணவர் கேட்ட வினாக்களுள் நாம் நன்றாக விடை கூறியவை நாளடைவில் மறந்து போகின்றன. விடை கூறாமல் விட்டவையோ, ஓய்வு பெற்ற பின்னும் நம்மை விட்டு அகல்வதில்லை. அத்தகைய வினா ஒன்றையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

அது 1996-ஆம் ஆண்டு. பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களைக் கொண்ட அந்த வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் மிகுதி. அவற்றின் கழிவுநீர் ஆற்றையும் விளைநிலங்களையும் கிணறுகளையும் கெடுத்துவிட்டது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. மாசு செய்தவரே அதனால் விளைந்த கேட்டுக்குப் பொருள் தந்து ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்த ஏற்பாடு செய்யாத தொழிற்சாலைகள் இயங்கலாகாது என்பதும் நீதிமன்றத்தின் கண்டிப்பு.

அதை ஒட்டிய நாள்களில் எங்கள் பள்ளியில் ஒரு பேச்சுப் போட்டி நடைபெற்றது. ‘இயற்கையைக் காப்போம்’ என்பது தலைப்பு. மாணவர் பலர் மலையையும் மழையையும் புகழ்ந்து பேசி அமர்ந்தனர். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நாள் கூலிக்கு உழைத்தவர். சில வாரங்களாக அவருக்கு வேலை இல்லை. “ஐயா, ஆறு தூய்மையானால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா? இதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் படுகிற கவலைதானே?” என்று கேட்டான்.

நடுவராக அமர்ந்திருந்த நான் என்ன செய்தேன்? “தலைப்பை விட்டு விலகுகிறாய், உட்கார்” என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். உண்மையில் அன்று தலைப்பை விட்டு விலகாமல் பேசியவன் அவன் ஒருவனே என்பதை நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

மாணவர்களே, அவன் வினாவில் இரண்டு கருத்துகள் பிணைந்திருப்பதைக் காணுங்கள். இயற்கையைக் காக்கும் எண்ணம் வாழ்க்கை வசதி பெற்றவர்க்கே உரியது என்பது ஒன்று. அந்தக் காப்பின் சுமை எளியவர் தோளில் விழுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டும். ஒன்று பிழை, மற்றொன்று பெரும்பாலும் உண்மை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதனால்தான் குழப்பம் நேர்கிறது.

முதற் கருத்தை எடுத்துக்கொள்வோம். அது அம்மாணவன் ஒருவனுடைய எண்ணம் மட்டும் அன்று; கற்றறிந்தோரும் கொண்டிருந்த எண்ணமே. ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்று நம் முதியோர் கூறுவதில்லையா? ஏறத்தாழ அதே கருத்தை அமெரிக்க அரசியல் அறிஞரான ரொனால்டு இங்கிள்ஹார்ட் 1977-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் விரிவாக எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேலை நாடுகளில் பிறந்தவர்கள் பசியையும் போரையும் அறியாமல் வளர்ந்தனர். உணவு, உடை, பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிய கவலை நீங்கவே, அவர்கள் உள்ளம் வாழ்க்கையின் தரம், தூய காற்று, இயற்கை அழகு ஆகியவற்றை நாடலாயிற்று. இதுவே அவர் கருத்தின் சாரம்.

இக்கருத்தில் உண்மை இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் அமெரிக்காவில் முதல் புவி நாள் கொண்டாடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் அதில் பங்கு கொண்டனர் என்பர். கல்லூரி மாணவர்கள் அதில் முன்னணியில் நின்றனர். செல்வ நாட்டில் வசதியாக வளர்ந்த இளைஞர்கள், தம் பெற்றோர் பெருமையாகக் கருதிய ஆலைப் புகையைக் கண்டு முகம் சுளித்தார்கள். வசதி வந்தபின் பிறந்த உணர்வு என்று இதனைக் கூறலாம்.

ஆயினும், மேலை நாட்டு வரலாற்றையே இன்னும் சற்றுக் கூர்ந்து நோக்கினால் வேறொரு தூண்டுதலும் தெரியவரும். இலண்டன் மாநகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் தொடங்கி 9-ஆம் நாள் வரை அந்நகரைக் கரும்புகை மூடிக்கொண்டது. குளிருக்காக வீடுதோறும் எரித்த நிலக்கரியின் புகையும், மின் நிலையங்கள், ஆலைகள் முதலியவற்றின் புகையும், காற்றோட்டம் நின்றுபோனமையால் மேலே செல்ல வழியின்றித் தரையோடு தங்கின. தெருவில் நடப்பவருக்குத் தம் பாதம் தெரியவில்லை. அந்நாள்களில் ஏறத்தாழ 4,000 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்ததாக அக்காலத்தில் கணக்கிட்டார்கள். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இறந்தவர்களில் முதியோரும் குழந்தைகளும் நெஞ்சு நோயாளிகளும் மிகுதி. அதற்கு முன்பு, கணப்பு அடுப்பில் நிலக்கரி கனன்றுகொண்டிருப்பது ஆங்கிலேயர் இல்லத்தின் மங்கலச் சின்னமாக விளங்கிற்று. அவ்வழக்கத்தின் மீது கைவைக்க அரசினர் தயங்கினர். ஆனால், மூச்சுக்கு முட்டு வந்தபோது மக்களின் மனப்பான்மை மாறியது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறிற்று. இங்கே மக்களைத் தூண்டியது இயற்கை அழகின்மீது கொண்ட காதலா? அன்று. தம் நுரையீரலைப் பற்றிய அச்சமே.

அச்சமும் அன்பும் ஒருங்கே கலந்த எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி கடல்வாழ் உயிர்களைப் பற்றிக் கற்றறிந்தவர், சிறந்த எழுத்தாளர். மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த அவருடைய தோழி ஒருவர் 1958-இல் அவருக்கு ஒரு செய்தி எழுதினார். கொசுவை ஒழிப்பதற்காக விமானத்திலிருந்து டி.டி.டி. மருந்தைத் தெளித்ததனால் தம் தோட்டத்துப் பறவைகள் மடிந்தன என்பதே அச்செய்தி. அச்செய்தியே தூண்டுகோலாக நான்கு ஆண்டுகள் உழைத்து, 1962-இல் ‘மௌன வசந்தம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலைக் கார்சன் வெளியிட்டார். பூச்சிகொல்லி மருந்துகளையே பயன்படுத்தலாகாது என்று அவர் வாதிடவில்லை. அவற்றின் விளைவை அறியாமல் கண்மூடித்தனமாக வாரி இறைப்பதையே கண்டித்தார். புழுவிலிருந்து பறவைக்கும், நீரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் அந்நஞ்சு படிப்படியாக ஏறுவதை அவர் விளக்கினார். பறவையின் மீது கொண்ட அன்பும், தம் குழந்தைகளின் நலம் பற்றிய அச்சமும் படித்தோர் உள்ளத்தில் ஒன்றுசேர்ந்தன. நூல் வெளியான இரண்டாம் ஆண்டில், 1964-இல், கார்சன் புற்றுநோயால் காலமானார். 1972-இல் அமெரிக்க அரசு வேளாண்மையில் டி.டி.டி. பயன்படுத்துவதைத் தடை செய்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வயிறு நிறைந்தவரே இயற்கையைக் காப்பர் என்பது முழு உண்மையானால், இமயமலைச் சாரலில் ‘சிப்கோ’ இயக்கம் பிறந்திருக்க இயலாது. ‘சிப்கோ’ என்றால் தழுவிக்கொள்ளுதல் என்று பொருள். இன்று உத்தரகண்ட மாநிலத்தில் உள்ள சமோலி மாவட்டத்தில் மண்டல் என்பது ஒரு கிராமம். அவ்வட்டாரத்து உழவர்கள், உறுதியும் இலேசும் உடைய ஒருவகை மரத்தைக் கொண்டு தம் உழவுக் கருவிகளைச் செய்துவந்தனர். சண்டி பிரசாத் பட் என்னும் சர்வோதயத் தொண்டர் நடத்திய கூட்டுறவு அமைப்பு, தன் பட்டறைக்காக அம்மரங்கள் சிலவற்றைக் கேட்டது. வனத்துறை மறுத்துவிட்டது. பின்னர் அதே மரங்கள் டென்னிஸ் மட்டை முதலிய விளையாட்டுக் கருவிகள் செய்யும் தொலைதூர நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டன. ஏருக்கு இல்லாத மரம் மட்டைக்கு உண்டா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். 1973 ஏப்ரலில் மண்டல் மக்கள் திரண்டு நின்றதைக் கண்டு மரம் வெட்ட வந்தவர்கள் திரும்பிச் சென்றார்கள்.

அடுத்த ஆண்டு, 1974 மார்ச் 26-ஆம் நாள், ரேணி என்னும் கிராமத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1962-ஆம் ஆண்டுப் போரை ஒட்டி இராணுவம் எடுத்துக்கொண்ட நிலங்களுக்கு ஈட்டுத்தொகை தருவதாக அறிவித்து, ஊர் ஆடவர்களைச் சமோலிக்கு வரச் செய்திருந்தனர். ஆண்கள் இல்லாத அந்நாளில் குத்தகைதாரரின் ஆட்கள் காட்டை நோக்கிப் புறப்பட்டனர். அதைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து, மகளிர் சங்கத் தலைவியான கௌரா தேவியிடம் தெரிவித்தாள். கௌரா தேவி பள்ளி சென்று படித்தவர் அல்லர். இளமையிலேயே கணவரை இழந்தவர். அவர் பின்னே பெண்களும் சிறுமியருமாக 27 பேர் காட்டுக்கு விரைந்தனர். இந்தக் காடு எங்கள் தாய்வீடு என்று எடுத்துரைத்துக் கோடரி ஏந்தி வந்தவர்களைத் தடுத்தனர். மிரட்டலுக்கும் அஞ்சாமல் இரவு முழுவதும் காவல் இருந்தனர். வந்தவர்கள் வெட்டாமலே திரும்பினர்.

அப்பெண்களைத் தூண்டியது எது? அவர்கள் பூகோளப் பாடம் படித்துப் புறப்பட்டவர் அல்லர். அடுப்புக்கு விறகு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழை, குடத்துக்கு ஊற்றுநீர் ஆகிய மூன்றும் அக்காட்டிலிருந்தே வந்தன. அவற்றைச் சுமந்து வருபவர்களும் பெண்களே. மேலும், 1970 ஜூலையில் அலகநந்தை ஆற்றில் பெருவெள்ளம் வந்து ஊர்களையும் பாலங்களையும் அடித்துச் சென்றதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தனர். மரம் போன மலைச்சரிவு மண்ணைத் தாங்காது என்பதை அவ்வெள்ளம் அவர்களுக்குப் போதித்திருந்தது. ஆகவே, அவர்களுக்குக் காடு என்பது கண்ணுக்கு விருந்து மட்டும் அன்று. வீட்டுக்கு அரணும் அதுவே. வயிறு நிறைந்ததனால் அவர்கள் காட்டைக் காக்கவில்லை. காடு போனால் வயிறு காயும் என்பதனாலேயே காத்தனர்.

ரேணி நிகழ்ச்சிக்குப் பின் அரசு தாவரவியல் அறிஞர் ஒருவர் தலைமையில் குழு அமைத்தது. அக்குழுவின் அறிக்கையை ஏற்று, அப்பகுதியில் மரம் வெட்டுதல் பத்து ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. அவ்வியக்கத்தில் தோன்றிய மற்றொரு செய்தியையும் நீங்கள் அறிய வேண்டும். 1980-இல் டுங்ரி-பைந்தோலி என்னும் ஊரில், கருவாலிக் காடு ஒன்றை வெட்டி உருளைக்கிழங்குப் பண்ணை அமைக்க ஆடவர்கள் நிறைந்த ஊர்ச்சபை இசைந்தது. அதற்கு ஈடாகச் சாலை, பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் ஆகியவை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை எதிர்த்து நின்றவர்கள் அவ்வூர்ப் பெண்களே. காடு போனால் விறகுக்கும் தழைக்கும் இன்னும் பல கல் தொலைவு நடக்கப் போகிறவர்கள் தாங்களே என்பதை அவர்கள் அறிவார்கள். ஒரே ஊர், ஒரே இல்லம். ஆயினும் ஆணின் கணக்கு வேறு, பெண்ணின் கணக்கு வேறு. எவர் எதைச் சுமக்கிறாரோ, அதைப் பொறுத்தே அவர் நோக்கு அமைகிறது.

இவ்வாறு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு முடிவு கட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். தக்க வினாவே. 1992-ஆம் ஆண்டு, செல்வ நாடுகளும் ஏழை நாடுகளுமாக 24 நாடுகளில் காலப் நிறுவனம் மக்களின் கருத்தைக் கேட்டறிந்தது. சூழலைப் பற்றிய கவலை செல்வ நாடுகளுக்கே உரியது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. ஏழை நாட்டு மக்களும் அதே அளவில், சில வினாக்களில் அதனினும் மிகுதியாக, கவலை தெரிவித்தனர். இங்கிள்ஹார்ட் அவர்களும் 43 சமுதாயங்களிலிருந்து திரட்டிய செய்திகளை ஆராய்ந்து, 1995-இல் தம் கருத்தை விரிவுபடுத்தினார். சூழலைக் காக்கும் எண்ணத்துக்கு ஊற்றுகள் இரண்டு என்றார். மக்கள் உள்ளத்தில் வளர்ந்த புதிய மதிப்புகள் ஒன்று; கண்ணெதிரே காணும் மாசும் கேடும் மற்றொன்று. தம் பழைய கருத்தோடு புதிய சான்றையும் சேர்த்துக்கொள்வது அறிஞர்க்கு அழகு. மாணவர்க்கும் அது பாடம்.

ஸ்டெர்ன், டீட்ஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1994-இல் எழுதிய கட்டுரை ஒன்று இத்தூண்டுதல்களை மூன்றாக வகுத்துக் காட்டிற்று. நாம் அவற்றைத் தன்னலம், பிறர்நலம், உயிர்நலம் என்று பெயரிட்டு வழங்கலாம். என் மூச்சு, என் கிணறு, என் குழந்தை என்பது தன்னலம். அயலாரும் இனி வரும் தலைமுறையினரும் துன்புறலாகாது என்பது பிறர்நலம். மனிதனுக்குப் பயன்படினும் படாவிடினும் ஏனைய உயிர்களுக்கும் வாழும் உரிமை உண்டு என்பது உயிர்நலம். தன்னலம் என்னும் சொல்லைக் கேட்டு நீங்கள் முகம் திருப்ப வேண்டா. தன் கிணற்றைக் காக்க எழுந்தவன் தன் தெருவின் கிணறுகளை எல்லாம் காத்துவிடுவதும் உண்டு.

மூன்றாவதாகிய உயிர்நலம் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் எவ்வாறு வென்றது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பாலக்காட்டு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் மழைக்காடு உள்ளது. அதன் வழியே குந்திப்புழை ஆறு ஓடுகிறது. அங்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க மாநில மின் வாரியம் திட்டமிட்டது. 1973-இல் திட்டத்துக்கு இசைவும் கிடைத்தது. அணை கட்டினால் சிங்கவால் குரங்கு முதலிய அரிய உயிர்கள் வாழும் காட்டின் நடுப்பகுதி நீரில் மூழ்கும் என்று இயற்கை அறிஞர்கள் எச்சரித்தார்கள். ஆனால் மலபார் மக்களுக்கு மின்சாரமும் தொழிலும் வேண்டியிருந்தன. குரங்கு பெரிதா, மனிதன் பெரியவனா என்று பலர் கேட்டனர். கேட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், இருட்டில் இருந்தவர்கள்.

அங்கே கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து ஆற்றிய பணி பாராட்டத்தக்கது. 1962-இல் தொடங்கப்பெற்ற அவ்வமைப்பில் ஆசிரியர்கள் பலர் இருந்தனர் என்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. குரங்கைக் காப்பாற்றுங்கள் என்று இரங்கிக் கேட்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இத்திட்டத்தினால் கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு, மலபாரின் தேவை எவ்வளவு, அத்தேவையை வேறு வழிகளில் நிறைவு செய்வது எவ்வாறு என்று கணக்கிட்டு 1979-இல் ஓர் ஆய்வு நூலையே வெளியிட்டனர். சுகதகுமாரி முதலிய கவிஞர்கள் காட்டின் அருமையைப் பாடினர். அறிஞர்கள் கணக்குப் போட்டனர். பாட்டு உள்ளத்தைத் திறந்தது. கணக்கு அச்சத்தைப் போக்கிற்று. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்று, 1985 செப்டம்பரில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. எதிர்த்தரப்பினரின் தேவையையும் தம் தேவையாக எண்ணிப் பார்த்ததே அவ்வியக்கத்தின் வலிமை என்பது என் கருத்து.

மாணவர்களே, முதற் கருத்துக்கு விடை கூறிவிட்டேன். இனி அம்மாணவனுடைய இரண்டாம் கருத்துக்கு வருவோம். காப்பின் சுமை எளியவர் மீது விழுகிறது என்றான் அல்லவா? அதை நாம் மறுக்க இயலாது. ரேணிக்கே மீண்டும் செல்வோம். 1982-இல் அவ்வூருக்கு அப்பாலுள்ள நந்தா தேவி மலைப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. அரிய விலங்குகளையும் மூலிகைகளையும் காப்பதே நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் அதன் பயனாக அவ்வட்டாரத்து மக்கள் தம் ஆடுகளை மேய்த்த புல்வெளிகள் அவர்களுக்கு மூடப்பட்டன. மலையேறுவோருக்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் பெற்ற கூலியும் நின்றது. காட்டைத் தம் உடலால் காத்த மக்கள், காவல் என்னும் பெயராலேயே அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர்! உயிர்நலம் பேசுவோர், அங்கு வாழும் மனிதரின் பிழைப்பை மறந்தால், இயக்கம் தன் வேரைத் தானே அறுத்துக்கொள்ளும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மற்றொரு குறையையும் கூற வேண்டும். மக்களின் கவனம் நிலையானது அன்று. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1972-இல் இதனை விளக்கி எழுதினார். தீங்கு ஒன்று நெடுநாள் இருந்தும் மக்கள் அதைக் காண்பதில்லை. திடீரென ஒரு நிகழ்ச்சியால் விழித்து, உடனே தீர்த்துவிடுவோம் என்று ஆர்ப்பரிக்கின்றனர். பின்னர், தீர்ப்பதற்குத் தாமும் செலவும் தியாகமும் செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. ஆர்வம் மெல்லத் தணிகிறது. முடிவில் வேறொரு செய்தி வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மரம் நடு விழாக்களில் இதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். நடும் நாளில் குடத்தோடு நிற்போர் நூற்றுவர். சித்திரை வெயிலில் நீர் வார்ப்போர் இருவர். எங்கள் பள்ளியில் தழைத்து நின்ற மரங்கள் எவை தெரியுமா? மதிய உணவு உண்டபின் மாணவர்கள் கை கழுவும் இடத்தருகே நட்டவையே. அங்கே நீர் வார்ப்பதற்கு ஆர்வம் தேவைப்படவில்லை. அன்றாட வழக்கமே போதுமாயிருந்தது. அதனால், ஆர்வத்தை நம்பி நிற்கும் இயக்கத்தைவிட, வழக்கமாகவும் சட்டமாகவும் பழகிப்போன இயக்கமே நிலைக்கும் என்று அறிக.

இனி, அந்த மாணவனைப் பற்றிய எஞ்சிய செய்தியைக் கூறி முடிக்கிறேன். போட்டி நடந்த சில வாரங்களுக்குப் பின் ஒருநாள் மாலை, பள்ளியிலிருந்து இரண்டு கல் தொலைவிலிருந்த ஒரு குழாயடியைக் கடந்து சென்றேன். குடங்களோடு நின்ற பெண்களின் வரிசையில் அவனுடைய அன்னை நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வணக்கம் செலுத்திவிட்டு, “எங்கள் தெருக் கிணற்று நீர் வாயில் வைக்கவும் ஆகாது ஐயா, துணி துவைக்கவும் ஆகாது. நாள்தோறும் இவ்வளவு தூரம் வந்துதான் எடுத்துச் செல்கிறேன்” என்றார். அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. அந்த ஒரே இல்லத்தில் தந்தைக்குக் கூலி போயிற்று. தாய்க்குக் குடிநீர் போயிற்று. ஆற்றைக் கெடுத்ததனால் வந்த துன்பமும் அவர்களுடையதே. அதைத் திருத்தியதனால் வந்த துன்பமும் அவர்களுடையதே. இரண்டிலும் இலாபம் அடைந்தவர் வேறு எங்கோ இருந்தார்.

அன்று அவனை உட்காரச் சொல்லாமல், “தம்பி, உன் அன்னை குடிநீரை எங்கிருந்து கொண்டு வருகிறார்?” என்று ஒரு வினாவையேனும் நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், வயிறு நிறைந்தவர் கவலை என்று அவன் கருதியது தன் வீட்டுக் கவலையே என்பதை அவனே கண்டிருப்பான். அதன்பின், தந்தையின் கூலியையும் தாயின் குடிநீரையும் ஒருங்கே காப்பது எப்படி, மாசு நீக்கும் செலவை எவர் ஏற்க வேண்டும் என்று அந்த வகுப்பு முழுவதும் சிந்தித்திருக்கும். அத்தகைய சிந்தனையே உண்மையான போட்டியாக இருந்திருக்கும்.

ஆகவே, இளைஞர்களே, இயற்கையைக் காக்க வேண்டும் என்று பேசுவோரை இனி நீங்கள் காணும்போது, இவரைத் தூண்டுவது எது, அச்சமா, பிழைப்பா, அன்பா என்று எண்ணிப் பாருங்கள். எதிர்த்துப் பேசுவோரைக் காணும்போது, இவர் எதை இழக்க அஞ்சுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். இவ்விரண்டு வினாக்களையும் விடாது கேட்பவர், ஒரு தரப்பினரைக் கொடியவர் என்றும் மற்றொரு தரப்பினரை அறிவிலிகள் என்றும் இகழ மாட்டார். காற்றும் நீரும் காடும் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றைக் காக்கும் செலவும் வலிமைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளப்படும் நாளில், இயற்கையைக் காப்பது யாருடைய கவலை என்று கேட்க எந்த மாணவனும் எழுந்து நிற்க வேண்டியிராது. அதுவரை, அவ்வாறு எழுந்து நிற்கும் மாணவனை எந்த ஆசிரியரும் உட்காரச் சொல்லாதிருப்பாராக.